முதல் மணியில் எடுத்தவள்

காளப்பட்டியில் இருந்த 'கைத்துணை' அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னலை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய திரை தொங்கியது. அழைப்புகளை எடுப்பவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஓர் எண். மணி அடிக்கத் தொடங்கியதிலிருந்து அவர் எடுத்துப் பேசும்வரை எத்தனை நொடி ஆகிறது என்பதன் சராசரி. எண் சிறியதாக இருந்தால் பச்சை, கொஞ்சம் கூடினால் மஞ்சள், அதற்கும் மேலே போனால் சிவப்பு. பூங்கோதையின் பெயர் சில மாதங்களாகவே சிவப்பில் இருந்தது.

கைத்துணை, வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்குமான சேவை. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டிவிடுவார்கள். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் காளப்பட்டியில் மணி அடிக்கும். எடுப்பவர் என்ன ஏது என்று விசாரித்து மருத்துவரை இணைக்க வேண்டும், அல்லது ஆம்புலன்ஸை அனுப்ப வேண்டும். பல நேரம் எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்று சொல்லிவிட்டாலே போதும்.

பூங்கோதை சோம்பேறி இல்லை. ஓர் அழைப்பு முடிந்த கையோடு அடுத்ததை எடுக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்துகிற ஒருவரிடம் பேசி முடித்தபின் மறுபடி மணி அடித்தால், அவள் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றுவிடும். ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொள்வாள். பிறகுதான் எடுப்பாள். எடுத்துவிட்டால் அவளைப்போலப் பேச அங்கே ஆள் இல்லை. பேர் சொல்லி அவளைக் கேட்கிறவர்கள் இருந்தார்கள். திரையில் அதற்கென்று ஓர் எண் இல்லை.

மேலாளர் பிரதாபன் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க கால் எல்லாம் கேட்டிருக்கேன். எங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா நீங்கதான் எடுக்கணும்னு நினைப்பேன். ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி நிக்கறீங்களே, அதைத்தான் மேல கேக்கறாங்க. இந்த மாசமும் சிவப்புன்னா எங்கிட்ட கேக்காமயே அனுப்பிருவாங்க."

"கொஞ்சம் மூச்சு விட்டுக்கறேன் சார். வேற ஒண்ணுமில்லை."

"புரியுது. அதுக்குத்தான் ஒரு வழி வந்திருக்கு. முன்குரல்னு பேரு. மணி அடிச்ச உடனே உங்க குரல் எடுத்துரும். நீங்க இல்ல, உங்க குரல். 'வணக்கம்ங்க, கைத்துணையிலிருந்து பூங்கோதை பேசறேன்'னு சொல்லும். என்ன பண்ணுது, மாத்திரை போட்டீங்களான்னு கேக்கும். ஆறுதலாப் பேசும். நீங்க தண்ணி குடிச்சு, மூஞ்சி துடைச்சுட்டு, நிதானமா இந்த நீலப் பொத்தானை அழுத்தி உள்ள வரலாம். நீங்க வந்ததும் அது நின்னுக்கும். அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரே ஆள் பேசுன மாதிரிதான் இருக்கும்."

"அது மிஷினுன்னு அவங்ககிட்ட சொல்ல மாட்டோமா?"

"சேரும்போது கையெழுத்துப் போடற தாள்ல இருக்கு. யாரு படிக்கறாங்க?"

"ஆம்புலன்ஸ் சார்?"

"அது மட்டும் மனுசங்கதான் அழுத்தணும். சட்டம் அப்பிடி. மிஷின் பாட்டுக்கு அனுப்பி ஏதாவது ஆச்சுன்னா யாரைப் போய் கேக்கறது? அவசரம்னா நீல விளக்கு வேகமா சிமிட்டும். நீங்க உள்ள போய் அழுத்திருங்க."

பூங்கோதையின் கணவன் லோகநாதன் பம்புசெட் வார்ப்படக் கம்பெனியில் வேலை பார்த்தவன். அச்சுப்பெட்டி விழுந்து கால் நசுங்கியதிலிருந்து வீட்டில் இருந்தான். வீடு இவள் வேலையில்தான் ஓடியது. யோசிக்க ஒன்றுமில்லை. அன்றே சம்மதித்தாள்.

ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து அவள் குரலைப் பதிந்தார்கள். நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். சிரிக்கச் சொன்னார்கள், இருமச் சொன்னார்கள், 'ம்' என்பதைப் பத்து விதமாகச் சொல்லச் சொன்னார்கள். "பயப்படாதீங்கம்மா" என்று அவள் சொன்னபோது, பதிவு செய்த பெண், "அக்கா, இன்னும் கொஞ்சம் பாசமா" என்றாள். இன்னும் கொஞ்சம் பாசமாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் பெயர் பச்சைக்கு மாறியது. அதன்பின் திரையின் உச்சியிலேயே நின்றது. முதல் மணி முழுதாக அடித்து ஓய்வதற்குள் அவளுடைய அழைப்புகள் எடுக்கப்பட்டன. பிரதாபன் கைதட்டச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாதத்தில் மற்றவர்களும் குரல் கொடுத்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் பூங்கோதை மணி அடித்த சற்று நேரத்திலேயே நீலப் பொத்தானை அழுத்திவிடுவாள். பிறகு ஹெட்செட்டில் தன் குரல் பேசுவதைக் கேட்கப் பழகினாள். அது அவளைவிடப் பொறுமையாகப் பேசியது. ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறவரிடமும் அதற்குச் சலிப்பு வரவில்லை. மாத்திரைச் சந்தேகங்களையும் தூக்கம் வராத கதைகளையும் அதுவே முடித்து அனுப்பியது. இவள் உள்ளே போவதற்குள் அழைப்பு முடிந்து, அவள் கணக்கில் ஏறியிருக்கும். அதுவரை பாதிக் கவனத்தோடு விழுங்கிய மதியச் சாப்பாட்டை மென்று சாப்பிட முடிந்தது. அதையும் நிர்வாகம் கவனித்தது. ஒருவர் சாப்பிடப் போகும்போது இன்னொருவர் அவருடைய அழைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். "நீங்க சாப்பிடும்போதும் உங்க குரல் வேலை செய்யுதே" என்றார் பிரதாபன்.

அன்று மதியம் பக்கத்து இருக்கை செலின், தன் தம்பி கல்யாணப் போட்டோக்களை அலைபேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். குன்னூரில் மழையில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளையின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை சேற்றில் உட்கார்ந்திருந்தது. பூங்கோதை எலுமிச்சைச் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். டப்பா மூடிக்குப் பக்கத்தில் நீல விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்களுக்குத்தான்" என்றாள் செலின்.

"அது பேசிட்டு இருக்கட்டும். நீ அடுத்ததைக் காட்டு."

அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். டப்பாவைக் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை. எங்கோ தூரத்தில் தறி ஓடுவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. மேசையிலிருந்த கணினித் திரையைப் பார்த்தாள். நாகரத்தினம், சோமனூர், நுரையீரல் நோய். ஆம்புலன்ஸ் பொத்தானை அழுத்திவிட்டு, "அம்மா, அம்மா, கேக்குதுங்களா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வண்டிக்காரர்கள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை கூப்பிட்டாள்.

மாலையில் அந்தப் பெயருக்கு எதிரே 'மரணம்' என்று வந்திருந்தது. அந்த வேலையில் அந்தச் சொல் புதிதில்லை. விளக்கு எவ்வளவு நேரம் சிமிட்டியது என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நினைத்தாள். அதற்குள் மணி அடித்தது. அவள் குரல் எடுத்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, மஞ்சள் பையில் ஒரு சீப்புச் செவ்வாழை. வரவேற்பில் இருந்த பெண் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் மேலே ஏறி வந்துவிட்டார்.

"இங்க பூங்கோதைங்கறது ஆருங்க?"

"நாந்தானுங்க."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியது. "நான் சோமனூருங்க. சென்னியப்பன். மில்லுல இருந்தவன். எஞ் சம்சாரம் நாகரத்தினம். கடைசியா நீங்கதான் அவகூடப் பேசிட்டு இருந்தீங்க."

பூங்கோதைக்கு முதலில் நினைவு வரவில்லை. பிறகு தறிச்சத்தம் நினைவுக்கு வந்தது.

"எம் மக நியூசிலாந்துல இருக்குது. அதுதான் கம்பெனிக்கு எழுதி அந்தப் பேச்சை வாங்குச்சுங்க. தெனமும் போட்டுக் கேக்கறேன். மணி முழுசா ஒருக்கா அடிக்கலீங்க, அதுக்குள்ள எடுத்துட்டீங்க. 'பயப்படாதீங்கம்மா, நான் உங்க பக்கத்துலயேதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்'னு சொன்னீங்க பாருங்க. பெத்த புள்ள பேசுமாங்க அப்பிடி?"

சுற்றிலும் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பிரதாபன் அறையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். அந்த மாதம் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர் அலைபேசியை எடுத்து வீடியோவைத் தட்டினார். "ஐயா, இப்பச் சொன்னீங்களே, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க."

சென்னியப்பன் மறுபடி சொன்னார். இந்த முறை தடுமாறினார், ஆனாலும் முழுதாகச் சொன்னார்.

"பூங்கோதை, நீங்களும் ஏதாவது சொல்லுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். செலின் மட்டும் தன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க வேலைதானுங்க" என்றாள் பூங்கோதை. முகம் கொதித்தது. வெட்கப்படுகிறாள் என்று பிரதாபன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் ஒரு பழத்தைப் பிய்த்து அவள் கையில் கொடுத்து, தன் எதிரிலேயே சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டாள்.

அவர் போனதும் அந்தப் பதிவைத் திறந்தாள்.

"வணக்கம்ங்க, கைத்துணையிலிருந்து பூங்கோதை பேசறேன்." தூங்கி எழுந்து குளித்துவிட்டு வந்தவளின் குரல்போல அவ்வளவு தெளிவாக இருந்தது.

"மூச்சு வாங்க முடியலீங்க அம்மிணி."

"எப்ப இருந்துங்கம்மா? கொஞ்சம் நிமிந்து உக்காருங்க. தலைகாணியை முதுகுக்கு வெச்சுக்கங்க."

எல்லாம் சரியான கேள்விகள். பூங்கோதையே எடுத்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். ஆனால் இவள் முதல் வரியிலேயே ஆம்புலன்ஸை அழுத்தியிருப்பாள். பதிவில் அந்த அம்மா, "வண்டி வருதுங்களா?" என்று கேட்டார். "ஏற்பாடு பண்ணிட்டிருக்கேங்கம்மா" என்றது குரல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். குரல் அதே பாசத்தோடு அதே பதிலைச் சொன்னது. அது பொய்யில்லை. அதனால் செய்ய முடிந்த ஏற்பாடு, நீல விளக்கைச் சிமிட்டி இவளைக் கூப்பிடுவது ஒன்றுதான். இவள் சேற்றில் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் வார்த்தைகள் குறைந்துகொண்டே வந்தன. குரல் மட்டும் குறையவில்லை.

முழுவதும் கேட்டாள். பிறகு பிரதாபன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"நானும் கேட்டேன்" என்றார். "மகள் பதிவு கேட்டப்பவே கேட்டேன். டாக்டர்கிட்டயும் விசாரிச்சேன். வண்டி முன்னாடியே போயிருந்தாலும் சொல்ல முடியாதுன்னாரு."

"போயிருந்தா பொழைச்சிருக்க மாட்டாங்கன்னு சொன்னாரா?"

"சொல்ல முடியாதுன்னாரு."

"அந்தப் பெரியவருகிட்ட நம்ம சொல்லணும் சார். கும்புட்டுட்டுப் போறாரு சார் அவரு."

பிரதாபன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னன்னு சொல்லுவீங்க? மிஷின் முதல் மணியிலயே எடுத்துருச்சு. அவங்ககூடப் போட்ட ஒப்பந்தத்துல இருக்கறது அதுதான். யாரு எடுக்கணும்னு எழுதலை. விளக்கும் சிமிட்டியிருக்கு. அழுத்தாதது நீங்க. சாப்பாட்டு நேரத்துல இன்னொருத்தர் பாத்துக்கறதை எடுத்தது நான், அதுல என் கையெழுத்து இருக்கு. இது வெளிய போனா தப்பு அந்த மிஷின் மேல வராது, நம்ம ரெண்டு பேரு மேலதான் வரும்." அவர் மேசை மேலிருந்த தூசியை விரலால் தள்ளினார். "எனக்கு ரெண்டு புள்ளைங்க பூங்கோதை. விட்ருவோம்."

"அந்த வீடியோவையாவது எடுத்துருங்க."

"அனுப்பியாச்சு. நெட்லயும் போட்டாச்சு."

என் குரலை எடுத்துவிடுங்கள் என்றாள். குரல் கொடுத்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தக் காலம் முடியும்வரை அது கம்பெனியுடையது, நீங்களே வேலையை விட்டுப் போனாலும் அது இங்கேதான் இருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் போகும்போது தன்னைப் பற்றி ஒன்றைக் கவனித்தாள். பிரதாபன் 'விட்ருவோம்' என்றபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன்னைப் பார்க்கிறாளோ என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். லோகநாதனிடமும் சொல்லவில்லை. அவன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத் தெருவில் நாலு பேருக்குக் காட்டியிருந்தான்.

வார விடுமுறையன்று சோமனூருக்குப் பஸ் ஏறினாள்.

மில் குடியிருப்பின் வரிசை வீடுகளில் ஒன்றில் சென்னியப்பன் இருந்தார். அவளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். விசிறியைப் போட்டார். உள்ளே போய்த் தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை அதிகமாக இருந்தது. அடுத்த தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டிலில் விரிப்பு இல்லை. அதன் பக்கத்துச் சுவரில் வெள்ளைப் பெட்டி இன்னும் இருந்தது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணுமுங்க."

"சொல்லுங்க அம்மிணி."

சொன்னாள். முன்குரல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடி எளிமையாகச் சொன்னாள்.

"அப்ப, பேசுனது நீங்க இல்லீங்களா?"

"குரல் என்னோடதுதானுங்க. நான் பேசலை."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"அங்கயேதான் இருந்தனுங்க. சாப்பிட்டுட்டு, கூட வேலை செய்யற பொண்ணுகிட்ட போட்டோ பாத்துட்டு இருந்தேன். விளக்கு எரிஞ்சுது. அது பேசட்டும்னு விட்டுட்டனுங்க. நான் முன்னாடியே வந்திருந்தா வண்டி முன்னாடியே வந்திருக்கும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அறைந்தாலும் வாங்கிக்கொண்டு போவதாகத்தான் வந்திருந்தாள். உண்மையில் அதை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை.

"அப்ப அவ தனியாத்தான் இருந்தாளா?" என்றார்.

பூங்கோதை டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"புகார் குடுங்க ஐயா" என்றாள் அவசரமாக. "நான் வந்து சாட்சி சொல்றேன். எம் பேரைச் சொல்லியே குடுங்க. எனக்கு வேலை போனாப் போகட்டும். இந்த மாதிரி இன்னொருத்தருக்கு ஆகக் கூடாதுங்க."

அவர் தலையை ஆட்டினார். முடியாது என்ற ஆட்டல்.

"ஏனுங்க?"

"விசாரணைன்னு வந்தா மொதல்ல அவ ஆருக்கு அடிச்சாள்னு கேப்பாங்க."

அவளுக்கு விளங்கவில்லை.

"மொதல்ல எனக்குத்தான் அடிச்சா அம்மிணி." அவர் துண்டை எடுத்து மடியில் போட்டுப் பிசைந்தார். "யூனியன் ஆபீஸுல சீட்டாடிட்டு இருந்தேன். போன் அடிச்சுது. பாத்தேன், அவ பேருதான். எப்பவும் அடிப்பா. கருவேப்பிலை வாங்கிட்டு வா, மோட்டாரை நிறுத்து, அதுக்கும் இதுக்கும் அடிப்பா. கையில நல்ல சீட்டு இருந்துச்சுங்க. சத்தத்தைக் கொறைச்சுப் பையில போட்டுட்டேன். மறுபடியும் அடிச்சா. அப்பவும் எடுக்கலை. அதுக்கப்பறந்தான் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கா."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகப் பேசினார்.

"மகளுக்குத் தெரியாது. வெளிய போயிருந்தேன், போன் வீட்டுல இருந்துச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நான் எடுக்காட்டியும் ஒருத்தி எடுத்தாளேன்னு இருந்தனுங்க. அதுனாலதான் பழத்தைத் தூக்கிட்டு வந்தேன். தெனமும் அந்தப் பேச்சைப் போட்டுக் கேக்கறது எதுக்குன்னு நெனச்சீங்க? அடிச்ச கையோட எடுக்கற சத்தம் இருக்கு பாருங்க, அதைக் கேக்கத்தான்."

புகார் வராது என்பது பூங்கோதைக்குப் புரிந்தது. கைத்துணைக்கு யாரையும் மிரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. அவள் தலைகுனிவும் பிரதாபன் தலைகுனிவும் இவர் தலைகுனிவும் சேர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டன. நாளைக்கும் அந்தத் திரை பச்சையாகத்தான் இருக்கும்.

"நான் வந்திருக்கக் கூடாதுங்க" என்றாள்.

"வந்துட்டீங்களே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் எழுந்தபோது அவருடைய அலைபேசி அடித்தது. அவர் பதறி எடுத்தார். மகள். வீடியோ அழைப்பில் ஒரு பெண்ணின் முகம் வந்தது, பின்னால் மாட்டியிருந்த கனத்த மழைக்கோட்டுகள் தெரிந்தன.

"சாப்ட்டீங்களாப்பா? ஆரு அது, ஆரோ இருக்காங்களே?"

சென்னியப்பன் பூங்கோதையை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கெஞ்சலை அவள் பார்க்காமலிருக்க முடியவில்லை.

"கண்ணு, அந்தக் கைத்துணைப் பொண்ணு வந்திருக்குது. அம்மாகூடக் கடைசியாப் பேசுச்சே, அதுதான்."

"அய்யோ, குடுங்கப்பா, குடுங்க!"

அலைபேசி பூங்கோதையின் கைக்கு வந்தது. அந்தப் பெண் பேசத் தொடங்குவதற்கு முன்பே அழுதாள். நேரத்துக்கு வர முடியவில்லை, டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றாள். நன்றி என்று பலமுறை சொன்னாள். பூங்கோதை தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதிவுல கடைசியா அம்மா என்னமோ சொல்றாங்க. எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புரியலை. இங்க ஒருத்தர்கிட்ட குடுத்துச் சத்தத்தைக்கூட சுத்தம் பண்ணிப் பாத்தேன். ஒரு வார்த்தை கேக்கலை. ஆனா நீங்க 'ஆமாங்கம்மா'ன்னு பதில் சொல்றீங்க. அப்ப உங்களுக்குக் கேட்டிருக்குமில்ல? அம்மா என்னக்கா சொன்னாங்க?"

அந்த இடம் பூங்கோதைக்கு நினைவிருந்தது. ஒரு முனகல். எதிரில் இருப்பவர் சொல்வது புரியாவிட்டால் 'ஆமாங்க' என்று சொல்லும்படி அந்தக் குரலைப் பழக்கியிருந்தார்கள். அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்ட காது உலகத்தில் எதுவும் இல்லை.

இந்தப் பெண்ணிடமும் சொல்லிவிடலாம். வந்ததே அதற்குத்தான். சென்னியப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"அப்பா வந்துட்டு இருக்காரான்னு கேட்டாங்க" என்றாள் பூங்கோதை. "நான் ஆமாங்கம்மான்னு சொன்னேன்."

"அம்மா அப்பாவைத்தான் கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அழுது ஓயும்வரை பூங்கோதை அலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பெரியவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டொரு வார்த்தை பேசி வைத்தார்.

வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டாள். உண்மையைச் சொல்ல வந்த வீட்டில், யாரும் கேட்டு வாங்காத ஒரு பொய்யைச் சொந்த வாயால் சொல்லிவிட்டுப் போகிறாள். முன்பு சொன்ன பொய்களுக்காவது அந்தக் குரலைக் காட்டலாம். இதற்குக் காட்ட யாரும் இல்லை.

"அம்மிணி."

திரும்பினாள். சென்னியப்பன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். நடந்தது முழுவதையும் அவளே சற்றுமுன் அவரிடம் சொல்லியிருந்தாள். நாகரத்தினத்தின் கடைசிப் பேச்சு யார் காதிலும் விழவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது, அது சந்தேகமாகவே இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற முகம்.

"நெசமாலுமே அவ அப்பிடிக் கேட்டாளுங்களா?"

பூங்கோதை தண்ணீர் குடிக்கவில்லை, முகத்தைத் துடைக்கவில்லை. அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஆமாங்க."